இமைமேல் சிவப்பு விளக்கு

என் அப்பாவைத் திட்ட எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. நேரில் திட்ட முடியாது. ஆள் என் வீட்டில்தான் இருக்கிறார், ஜன்னலோர நாற்காலியில். ஆனால் மறதி நோய் வந்து, திட்டு வாங்க வேண்டிய மனிதரை மட்டும் அவருக்குள்ளிருந்து சுத்தமாகத் துடைத்துவிட்டது. என்னை ‘டீச்சரம்மா’ என்கிறார். டீ கொடுத்தால் நன்றி சொல்கிறார். வருகிறவர்கள் எல்லாம் “பாவம், குழந்தை மாதிரி ஆயிட்டாரு” என்று உருகுகிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தபோது நான் பள்ளிச் சீருடையில் பக்கத்தில் நின்றேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். “வாய மூடு. அவ நடிக்கிறா,” என்றார் அப்பா. மறுநாள் அம்மா இல்லை. அந்த ஆளை இப்போது கனவில் மட்டும்தான் பார்க்க முடிகிறது. அதே சமையலறை, அதே ‘வாய மூடு’. அங்கேயும் என் வாய் தானாக மூடிக்கொள்ளும். இது கனவுதான் என்று அந்த நேரத்தில் தெரிந்தால் போதும், ஒரே ஒரு வாக்கியத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்: அம்மா நடிக்கலை.

நான் லிஃப்ட் மெக்கானிக். இரவு ஷிஃப்ட் முடித்து, பகலில் தூங்குகிறவள். கனவு காணும்போது மூடிய இமைக்குள் கண் அங்குமிங்கும் ஓடும் என்று படித்தேன். அந்த ஓட்டத்தைக் கண்டுபிடிக்க ஒரு சென்சார், கண்டுபிடித்ததும் இமைமேல் மங்கலாக மினுங்க ஒரு சிவப்பு விளக்கு, இரண்டையும் ஆட்டிவைக்கத் தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு. வெளிச்சம் கனவுக்குள் கசியும். அதைப் பார்த்ததும் நான் கனவில் இருக்கிறேன் என்பது எனக்கு உறைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் தையல்காரர். கண்ணை மூடும் துணிப்பட்டை ஒன்று தைத்து எல்லாவற்றையும் அதற்குள் பொருத்திக் கொடுத்தார். “துணி பத்தல. பாதி உன் மூக்குக்கே போயிடுச்சு,” என்றார்.

முதலில் தலையை அசைத்தாலே விளக்கு எரிந்து எழுப்பிவிட்டது. சென்சாரைக் கொஞ்சம் அடக்கினேன். அப்புறம் ஒழுங்காக வேலை செய்தது. செய்து என்ன புண்ணியம்? கனவில் சிவப்பு மினுங்கியது. நான் டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கள் தொழிலில் சிவப்பு மினுங்கினால் எங்கேயோ லிஃப்ட் நின்றுவிட்டது என்று அர்த்தம். மாடி மாடியாக ஏறி, ரிலே சுவிட்சைக் கழற்றி மாட்டி, லிஃப்டை ஓடவிட்டு, வியர்த்துப்போய் விழித்தேன். பட்டையைப் பிடுங்கிச் சுவரில் அடித்தேன்.

“தூக்கத்துலயும் டூட்டியா?” என்று சிரித்தார் வீட்டுக்காரர். “பச்சையா மாத்திப் பாரேன்.”

“பச்சைன்னா லிஃப்ட் ரெடின்னு அர்த்தம். ஏறி மேல போயிடுவேன். சும்மா இருங்க.”

கோபத்தில் வீட்டைச் சுற்றிச்சுற்றி நடந்தபோதுதான் புத்தி வேலை செய்தது. லிஃப்ட் பேனலில் எரியும் விளக்கு, நான் முகத்தைத் திருப்பினாலும் பேனலிலேயே இருக்கும். இமைமேல் எரிவதோ திரும்புகிற பக்கமெல்லாம் கூடவே வரும். அன்றிலிருந்து வேலையில் எங்கே சிவப்பு மினுங்கினாலும் முதலில் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். “என்னம்மா, லிஃப்ட்டோட பேச்சுவார்த்தை இல்லையா?” என்று கேட்டார் கூட வேலை செய்யும், நாங்கள் ‘ஃபியூஸ்’ என்று கூப்பிடும் மெக்கானிக். கேட்டுவிட்டுப் போகட்டும் என்று, பழகும்வரை திருப்பிக்கொண்டே இருந்தேன்.

ஒரு மத்தியானத் தூக்கத்தில் அந்தச் சமையலறை வந்தது. தரையில் அம்மா. சிவப்பு மினுங்கியது. கை பையைத் தேடியது. ஆனால் முகம் பழக்கத்தில் திரும்பிவிட்டது. சுவரில் சிவப்பு, கூரையில் சிவப்பு, அப்பாவின் சட்டையிலும் சிவப்பு. இது கனவு. என் கனவு!

“வாய மூடு,” என்றார்.

“நீ மூடுய்யா! வலியில துடிக்கிறா! அம்மா நடிக்கலை, நடிக்கலை!”

என் சத்தமே என்னை எழுப்பிவிட்டது. தொண்டை எரிந்தது. பட்டையைக் கழற்றினால், அறை வாசலில் அப்பா நிற்கிறார். நான் கத்தியது அவர் காதில் விழுந்திருக்கிறது.

“யாரு டீச்சரம்மா? உங்க அம்மாவ நடிக்கிறான்னு எவன் சொன்னான்?”

அதே பழைய குரல். பாத்திரமெல்லாம் அதிரும் குரல்.

“வலியில கெடக்கிறவள அப்படிச் சொல்றவன் மனுஷனா? வீட்டக் காட்டுங்க. நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுட்டு வரேன்.”

செருப்பைத் தேடி மாட்டினார், இடது வலது மாறி. என் ஆத்திரத்தை நான் எங்கே கொண்டுபோய்க் கொட்ட? இதைக் கேட்க ஒரு ஆள் வரமாட்டானா என்று அத்தனை வருஷம் ஏங்கினேனே, வந்து நிற்பது இந்த மனுஷனா? ‘நீதான்யா அது’ என்று நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அழுவார். அடுத்த டீ வருவதற்குள் மறந்தும்விடுவார். சொன்ன பாவம் எனக்கு மட்டும் மிஞ்சும்.

“அந்த ஆளு இப்ப இல்லைங்க,” என்றேன்.

கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். பல்லைக் கடித்தார்.

“தப்பிச்சுட்டான், பாவி,” என்றார்.

“ஆமாங்க. தப்பிச்சுட்டான்,” என்று சொல்லி, குனிந்து அவர் செருப்பைக் கழற்றினேன்.