மூன்றாவது பலகை

"அந்தப் பீங்கான் கோப்பையைத் திருப்பி வை, பிள்ளை. உவருக்குப் பேப்பர் கப்பிலை ஊத்து."

தில்லைநாயகி குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாள். தேநீர்க் கேத்திலோடு நின்ற மகள் பிரசாந்தினி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனம்மா? அப்பாவுக்குப் பீங்கான்தானே?"

"அவையள் எந்தக் குறிச்சி எண்டு ஊருக்குப் போன் எடுத்துக் கேட்டாச்சு. குடிச்சா எறியலாம். கழுவிற வேலையும் இல்லை."

ஊரில் சிரட்டை; சுவிஸ் டீட்டிகோனில் காகிதக் கப். முன்னேற்றந்தான். மகள் அசையவில்லை. தில்லைநாயகியே ஊற்றிக்கொண்டு போனாள்.

வரவேற்பறையில் இருந்தவர் தவராஜா. இங்கே தச்சுவேலை செய்பவர். 'எங்கள் தீவு: மதம், வரலாறு, மக்கள்' என்று தமிழ்ச் சங்கம் நகரசபை மண்டபத்தில் வைக்கவிருந்த கண்காட்சிக்கு ஆறு பலகைகளை இழைத்துக் கொடுத்திருந்தார். சங்கத் தலைவர், இந்த வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராஜா. அவர் தமிழில் எழுதுவதை மகள் ஜெர்மனில் எழுதவேண்டும். பிறப்பைப் பார்த்துச் சிங்களவன் எங்களை ஒதுக்கினான் என்ற வரியை வாசிக்கும்போது தலைவருக்குக் கண் கலங்கியது. பொய்யில்லை, உண்மையான கண்ணீர்தான்.

"அண்ணை, ஒரு வரி சேர்ப்பமோ?" என்றார் தவராஜா. "மூண்டாவது பலகையிலை. எங்கடை சனத்தை எங்கடை சனமே கோயிலுக்கை விடேல்லை எண்டு. என்ரை அப்பு சாகுமட்டும் வெளியிலை நிண்டுதான் கும்பிட்டவர். அவருக்காக எண்டாலும் ஒரு வரி."

"அது எப்பவோ முடிஞ்ச கதை, தவராஜா. வெள்ளைக்காரனுக்கு உதெல்லாம் என்னத்துக்கு? இப்ப ஆர் சாதி பாக்கினம்?"

தவராஜா கையிலிருந்த காகிதக் கப்பைப் பார்த்தார். பிரசாந்தினிக்குத்தான் முகம் எரிந்தது.

அந்த வரியை அவள் ஜெர்மனில் சேர்த்துவிட்டாள்.

தலைவர் சரிபார்க்காமல் விடவில்லை. ஹோட்டல் குசினியில் முப்பத்திரண்டு வருடம் நின்றவருடைய ஜெர்மன் வாசிப்பு, வதிவிட பர்மிட் கடிதத்தோடு நின்றுவிட்டிருந்தது. அதை ஒத்துக்கொள்ளக் கௌரவம் விடுமா? எழுத்து பெரிதாக இருக்கிறது, படம் நேராக இருக்கிறது என்று தலையாட்டிக் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை கண்காட்சி. நகரசபையிலிருந்து வந்த சுவிஸ் அம்மையார் மூன்றாவது பலகையின் முன்னே நெடுநேரம் நின்றார். பிறகு நேரே வந்து ஸ்ரீஸ்கந்தராஜாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்னவாம், பிள்ளை?"

பிரசாந்தினி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். "தமிழரைத் தமிழரே கோயிலுக்கை விடாமல் வைச்சதை ஒளிக்காமல் எழுதினது பெரிய துணிவாம். எழுதினது நீங்களோ எண்டு கேக்கிறா, அப்பா."

அவர் பலகையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், படம் எடுக்கத் தயாராக நின்றவனையும் பார்த்தார்.

"ஓம்... ஓம், நான்தான். சொல்லத்தானே வேணும்! நாங்கள் உதையெல்லாம் கடந்து வந்த சனம்."

கைதட்டினார்கள். தலைவர் தவராஜாவை இழுத்துத் தோளில் கைபோட்டுக்கொண்டு படத்துக்கு நின்றார். தோளைத் தொட்டால் தீட்டில்லை போலும். நடுவில் கோட்டு இருக்கிறதே.

"நல்லது, அண்ணை," என்றார் தவராஜா, தோளில் கிடந்த கையை விலக்காமலே. "அப்ப ஒருநாள் குடும்பத்தோடை எங்கடை வீட்டை சாப்பிட வாங்கோ."

"ஐயோ, அண்டைக்கு எனக்கு விரதமெல்லே!"

"நாள் நான் இன்னும் சொல்லேல்லையே, அண்ணை."

என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று அம்மையார் சிரித்தபடி கேட்டார்.

பிரசாந்தினி ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள்.