கழுவாத கால்

உட்கார்ந்து பிழைக்கிறவனுக்குக் கால் எதற்கு என்று செல்லக்கண்ணு பத்தர் சொல்லிக்கொண்டு திரிந்தார். அது வீம்புப் பேச்சு. உள்ளங்கால் இரண்டும் மரத்துப்போய் மாதக்கணக்காகியிருந்தது. வெளியே தெரிந்தால் வேறு ஆளைக் கொண்டுவந்து பட்டறையில் தன் பலகையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழாம் வருஷத்தில் ஒருநாள் அது தெரிந்துபோனது. வளையலைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிக்கொண்டிருந்தபோது, குமுட்டி அடுப்பிலிருந்து ஒரு கங்கு தெறித்து அவர் பாதத்தில் விழுந்தது. தோல் கருகி நாறுகிறது, மனுஷன் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் இருந்த வடிவேலுதான் தட்டிவிட்டான்.

பஃபலோ ரோட்டுக்குப் பின்சந்தில் இருந்த அந்த நகைப் பட்டறைக்கு முதலாளி சிவகாமசுந்தரி அம்மாள். அவர் வீட்டுக்காரரும் இப்படிச் சம்மணம் போட்டே கால் விழுந்து செத்தவர். அம்மாள் பத்தரை ஜாலான் புசாரில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். இப்படியே மடக்கி வைத்திருந்தால் கால் போய்விடும், தினமும் நடக்கச் சொல்லுங்கள், பட்டறையில் இருக்கிற எல்லாரையும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மறுநாளே உத்தரவு வந்தது. நாலு மணி அடித்தால் எல்லாரும் எழுந்து பேரர் பார்க் திடலைச் சுற்றிவிட்டு வர வேண்டும். சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. வடையும் தேத்தண்ணியும் அம்மாள் கணக்கு.

ஒருத்தனும் எழுந்திருக்கவில்லை.

பட்டறை வழக்கம் அப்படி. வெளியே போகிறவன் தாம்பாளத்தின் மேல் நின்று வேட்டியை உதற வேண்டும். தலைமயிரைத் தட்ட வேண்டும். கையையும் காலையும் அண்டாத் தண்ணீரில் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கிற பொன் தூள் ஒரு குன்றிமணி என்றாலும் முதலாளியுடையது. சாயங்காலம் ஒருதரம் அப்படி நிற்பதே போதும் போதும் என்றிருந்தது.

செல்லக்கண்ணுவுக்கு அதற்கு மேலும் இருந்தது. பழைய பட்டறையில் எடை குறைந்தபோது, வாடிக்கைக்காரர்கள் பார்க்க அவரைக் கோவணத்தோடு நிறுத்தினார்கள். பொன் பிறகு பலகை இடுக்கில் கிடைத்தது. தப்புதான் என்று அவரிடம் ஒருத்தனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"நடக்கச் சொல்றதெல்லாம் சும்மாடா. நாலு மணிக்கும் ஒரு சோதனை போட வழி பண்ணுது அந்தம்மா," என்றார் வடிவேலுவிடம்.

"வடை குடுத்தா சோதனை போடுவாங்க?"

"எலிக்கு என்னடா வைக்கிறான்? கருவாடுதானே."

உள்வாசல் திரைக்குப் பின்னால் அம்மாள் நின்றது இருவருக்கும் தெரியாது. மறுநாள் நாலு மணிக்கு அவர் வந்தார். அண்டாவைத் தரதரவென்று இழுத்து உள்ளே வைத்தார். தாம்பாளத்தையும் எடுத்துப்போனார்.

"கழுவ வேணாம். உதற வேணாம். அப்படியே போயிட்டு வாங்க."

செல்லக்கண்ணு எத்தனையோ முதலாளிகளைப் பார்த்தவர். பொன் தூளோடு ஆளை வெளியே அனுப்புகிற முதலாளியைக் கேள்விப்பட்டதுகூட இல்லை. வடிவேலுவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். ரோட்டில் கால் வைக்கவே மனசு கூசியது. சாமி சிலையைத் தூக்கிப் போகிறவன் மாதிரி அடி மேல் அடி வைத்தார்.

"வேகமா வாங்க லா அண்ணே. தூள் பட்டுப் புல்லு மஞ்சளாயிராது," என்றான் வடிவேலு.

தினமும் போனார்கள். ஆனாலும் செல்லக்கண்ணு கணக்கு முடிக்கிற சனிக்கிழமைக்குப் பயந்துகொண்டே இருந்தார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. தராசில் பொன் குறைந்தது. சேதாரம் கழித்தும் குறைந்தது. அம்மாள் தலை நிமிர்வதற்குள் செல்லக்கண்ணு சட்டையைக் கழற்றிவிட்டார். வேட்டி முடிச்சில் கை வைத்தார்.

"பாத்துக்குங்கம்மா. நான் எடுக்கலை."

"கட்டுங்க பத்தரே. என்ன இது."

"குறையுதே."

"குறையும்னு தெரிஞ்சுதான் அண்டாவை எடுத்தேன். ரோட்டுல கொஞ்சம், புல்லுல கொஞ்சம் போயிருக்கும். என் வீட்டுக்காரர் போனப்ப இந்தப் பட்டறைல ஒரு குன்றிமணி குறையலை. வச்சிக்கிட்டு என்ன பண்ணேன்?" அம்மாள் தராசை மடக்கினார். "திங்கக்கிழமையும் போகணும். எல்லாரும்."

செல்லக்கண்ணு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தில் இறங்கினார். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய முனை வந்தது. திரும்பாமல் நேரே திடலுக்குப் போனார். பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஓரமாக வெறுங்காலோடு நடந்தார். அந்தம்மா சொன்னதையே மனசுக்குள் புரட்டிக்கொண்டு, பொன்னை விட்டுவிட்டு ஆளை வைத்துக்கொள்ள ஒரு மனுஷிக்கு எப்படித் தோன்றும் என்று யோசித்தபடியே போனார்.

பாதி திடலில் நின்றுவிட்டார். வலது உள்ளங்காலில் என்னவோ செய்தது. குனிந்து பார்த்தார். முள் இல்லை, கல் இல்லை. வெட்டிவிட்ட கட்டைப் புல்தான்.

எதையும் ஒருதரத்தில் நம்புகிற ஆள் இல்லை அவர். காலை எடுத்து வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார்.

அங்கேயும் புல் குத்தியது.