இரண்டாம் தரம் கேட்பதில்லை

"என்னடா, ரெண்டு பொட்டலம் கட்டுறதுக்கு இவ்வளவு நேரமா?"

"இரு அக்கா. நூல் சிக்கிக்கிச்சு."

"ஆத்தாளுக்கு வெயில் ஏறுது பாரு. சீக்கிரம் கட்டு."

ஜோதி முதுகைக் காட்டிக்கொண்டு கொள்ளிடத்தைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் மாரியம்மன் மேடைமேல் உட்கார்ந்து அவள் தம்பி நவநீதன் பூக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாழை இலைத் துண்டில் வெள்ளை நந்தியாவட்டை, இன்னொன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் ஜோதி தன் சிறுநீரகங்களில் ஒன்றைத் தம்பிக்குக் கொடுப்பாள். சிவப்பு வந்தால் கொடுக்க மாட்டாள்.

யாருக்காகக் கேட்கிறோமோ அவர் கையால் கட்ட வேண்டும், கேட்கிறவர் எடுக்க வேண்டும் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம். எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும்.

"கட்டியாச்சு. திரும்பு."

ஜோதி அம்மன் காலடியில் கிடந்த இரண்டையும் பார்த்தாள். ஒன்றைத் தொட்டாள், கையை இழுத்துக்கொண்டாள், பிறகு அதையே எடுத்துப் பிரித்தாள். அரளி.

"சரி விடுக்கா. அவ்வளவுதான்." நவநீதன் மற்றப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு கரையில் இறங்கிவிட்டான். டயாலிசிஸ் முடிந்த மறுநாள் அவனுக்கு அவ்வளவு வேக நடை வராது. அன்றைக்கு வந்தது.

ஜோதி ஸ்ரீரங்கத்தில் இலைக்கடை வைத்திருப்பவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, கடைக்குப் போகும் முன் இந்த மேடைக்கு வருவாள். இங்கே பூசாரி கிடையாது. அம்மனைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். இலை விலை, மகள் வீட்டுச் சண்டை, முழங்கால் வலி, எல்லாம் பேச்சுதான். பெரிய காரியமென்றால் பூக்கட்டிக் கேட்பாள். காந்தி மார்க்கெட்டில் கடை போடலாமா என்று கேட்டபோது சிவப்பு வந்தது. ஆசையாக இருந்தும் போடவில்லை. மகளுக்கு வந்த வரனுக்கு வெள்ளை வந்தது. கொடுத்தாள். மாப்பிள்ளைக்குக் கோபம் அதிகம் என்று தெரிந்தபோது, "நீ சொல்லித்தான் கொடுத்தேன், நீயே அவனைப் பார்த்துக்க" என்று அம்மனிடமே விட்டுவிட்டாள். ஒன்றைக்கூட இரண்டாம் தரம் கேட்டதில்லை.

வீட்டில் அவள் கணவன் ரத்தினவேல் ஸ்கூட்டர் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"என்ன வந்துச்சு?"

"சிவப்பு."

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "ஆத்தாளுக்கு என்மேலயும் கொஞ்சம் இரக்கம் இருக்கு."

"ஏங்க, உங்களுக்குச் சந்தோஷமா இருக்கா?"

"இல்லைன்னு பொய் சொல்லச் சொல்றியா?"

அவள் உள்ளே போனாள்.

நவநீதன் மினி பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சிறுநீரகம் கெட்ட பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டான். டயாலிசிஸுக்கு அவனை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறவள் ஜோதிதான். அங்கே டயாலிசிஸுக்கு வரும் ஜெகபர் சாதிக்கின் மனைவி நசீரா அவளுக்குப் பழக்கம். இரண்டு பேரின் ஆட்களும் உள்ளே மெஷினில் படுத்திருக்க, இவர்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள்.

"கொஞ்ச நாளா உங்க முகமே சரியில்லக்கா. உங்க மாரியம்மா வேண்டாம்னு சொன்னதிலேருந்து இப்படித்தான் இருக்கீங்க."

"சொன்னதைக் கேட்டுக்கிட்டேன். முகத்தை மட்டும் என்ன செய்யச் சொல்றே?"

"இன்னொரு தரம் கேட்டுப் பாக்குறது."

"நீ சொன்னது பிடிக்கலை, வேற சொல்லுன்னு சிநேகிதிகிட்டப் போய் நிக்கச் சொல்றியா? அப்புறம் எதுக்குக் கேட்கணும்?"

நசீரா சிரித்தாள். "எங்கள்ல இஸ்திகாரான்னு ஒரு தொழுகை உண்டு. எது நல்லதுன்னு அல்லாகிட்ட துஆ கேட்டுட்டு, காரியத்துல இறங்கிடுவோம். நல்லதா இருந்தா வழி திறக்கும். இல்லைன்னா அவனே அடைச்சிருவான்."

"பொட்டலம் கிடையாதா?"

"பொட்டலமெல்லாம் பிரியாணிக்குத்தான்க்கா."

ஜோதியும் சிரித்தாள். ஆனால் கேட்டாகிவிட்டது, பதிலும் வந்தாகிவிட்டது.

மழைக்காலம் தொடங்கியது. நவநீதனுக்குக் கால் வீக்கம் வடியவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினான். ஜோதி அவனுக்கான காய்களைப் பொடியாக நறுக்கி, பொட்டாசியம் இறங்க வெந்நீரில் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமைத்தாள். அப்படிச் சமைத்தால் காய்க்கு ருசியே இராது. ஒரு நாள் அவள் கத்தரிக்காய் நறுக்கும்போது அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அக்கா, நீ ஆத்தாகிட்ட இப்பல்லாம் பேசுறதில்லையாமே. மாமா சொன்னாரு."

"உங்க மாமாவுக்கு வேற வேலை இல்ல. தினமும் போறேன், குளிப்பாட்டுறேன்."

"பேசுறியா?"

கத்தி நின்றது. "எப்படிடா பேசுறது? அவ சொன்னதுக்குக் கட்டுப்பட்டு உன்னை இப்படிப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவ முகத்தைப் பார்த்தா ஏதாவது கேட்டுப்புடுவேன்னு பயமா இருக்கு. தலையைக் குனிஞ்சே மஞ்சள் பூசிட்டு வந்துடுறேன்."

நவநீதன் கொஞ்ச நேரம் தன் கையிலிருந்த ஊசித் தழும்புகளைத் தடவினான்.

"அவ சொல்லலைக்கா."

"என்னது?"

"நான்தான் சொன்னேன். ரெண்டுலயும் அரளியைத்தான் வச்சேன்."

ஜோதி அவனைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"நந்தியாவட்டையை என்ன பண்ணினே?"

"சட்டைப் பையில."

"பையில."

"உன் வயித்தைக் கிழிச்சு நான் வாழணுமாக்கா? உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா மாமா மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? வாயால சொன்னா நீ கேட்கவே மாட்ட. அவ சொன்னா கேட்பே. அதான்."

"என்கிட்டச் சண்டை போட்டிருக்கலாம். கத்தியிருக்கலாம். வீட்டை விட்டுக்கூடப் போயிருக்கலாம். நானும் அவளும் பேசிக்கிட்டு இருக்கிற இடத்துல நடுவுல புகுந்து, அவ குரல்ல பேசியிருக்கியேடா."

"தப்புதான்."

"நான் அவமேலதானடா மனசு விட்டுப்போயிருந்தேன்."

அன்றைக்கு அவள் அவனுக்குச் சாதம் போட்டாள். பேசவில்லை.

மறுநாள் விடிந்ததும் மேடைக்குப் போனாள். குளிப்பாட்டினாள், மஞ்சள் பூசினாள், தலையை நிமிர்த்தி அம்மன் முகத்தைப் பார்த்தாள்.

"இத்தனை நாளும் நீ வாயே திறக்கலையா? நான்தான் உன்னைத் திட்டிக்கிட்டு இருந்தேனா? அதையும் பொறுத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தியா?"

மேடைக்கு மேலே காகம் ஒன்று கத்திவிட்டுப் போனது. அவள் அதைச் சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இனிமே நமக்குள்ள பொட்டலம் வேண்டாம். நசீரா சொன்ன மாதிரி செய்யப் போறேன். கொடுக்கிறதுக்கு நான் நடக்கிறேன். வேண்டாம்னா நீ நிறுத்து. நிறுத்தினா நின்னுடுவேன். ஏன்னு கேட்க மாட்டேன்." கொஞ்சம் யோசித்தாள். "கேட்பேன். ஆனா நின்னுடுவேன்."

வீட்டுக்கு வந்ததும் ரத்தினவேலிடம் நடந்ததையும், ஆஸ்பத்திரிக்குப் போகப்போவதையும் சொன்னாள்.

"எனக்குப் பயமா இருக்கு ஜோதி."

"எனக்கும்தான் பயமா இருக்கு."

"அப்புறம்?"

"பயத்தோடயே போவோம். வண்டியை எடுங்க."

நவநீதன் வாசற்படியில் குறுக்கே நின்றான். "நான் வாங்கிக்க மாட்டேன். நோயாளி நான் சம்மதிக்காம எந்த டாக்டரும் செய்ய மாட்டாங்க."

"கொடுக்கலாமா வேண்டாமான்னு சொல்ல வேண்டியவ ஒருத்தி இருக்கா. அவ வேலையை நீ ஒரு தரம் பார்த்தது போதும். தள்ளிக்க."

"மாமா, நீங்களாவது சொல்லுங்க."

"என் பேச்சை இவ என்னைக்குடா கேட்டா? வா மாப்ள, ஆட்டோவுல பின்னாடியே வா."

காவிரிப் பாலத்தில் ஸ்கூட்டர் போகும்போது ஜோதி கணவனின் தோளை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆற்றில் தண்ணீர் இரண்டு கரையும் தொட்டு ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், மறுபடியும் வரச்சொன்னார்கள். ஒவ்வொரு தடவையும் ஜோதி இலைக்கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வந்தாள். கடைசியில் டாக்டரம்மா அவளை உட்காரச் சொன்னார்.

"உங்களுக்குச் சுகர் இருக்குன்னு தெரியுமாம்மா?"

"எனக்கா? எனக்கு ஒண்ணுமில்லையே. முழங்கால்தான் வலிக்கும்."

"ரொம்ப நாளா இருந்திருக்கு. சிறுநீர்ல புரதம் போக ஆரம்பிச்சிருக்கு. நீங்க கொடுக்க முடியாதும்மா."

"மாத்திரை சாப்பிட்டுக் குறைச்சுட்டு வரேன்."

"குறைச்சாலும் முடியாது. உங்க ரெண்டும் உங்களுக்கே வேணும். இப்பவே பார்த்ததால அதைக் காப்பாத்தலாம்."

வெளியே வந்ததும் ஜோதி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரத்தினவேல்தான் பேசினான். அவன் அப்படிப் பேசுவான் என்று அவளே நினைக்கவில்லை.

"வேற ஆஸ்பத்திரியில கேட்டுப் பாப்போமா? மதுரையில, மெட்ராஸ்ல..."

அவளுக்கு அந்த வார்த்தை தேனாக இருந்தது. வேறு ஆஸ்பத்திரி, வேறு டாக்டர், வேறு பதில். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வேண்டாங்க. நிறுத்தினா நின்னுடுவேன்னு சொல்லியிருக்கேன்."

"அது டாக்டர் சொன்னது ஜோதி."

"டாக்டர் பொய் சொல்லலையே. சொன்னது உண்மைதானே. உண்மையா வந்தா நான் கட்டுப்படுறேன்னுதான் பேச்சு."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த நவநீதன் தலையை நிமிர்த்தினான். "நான் சொன்ன அதே சிவப்புதானேக்கா கடைசியில வந்திருக்கு."

"வாயை மூடு. நீ சொன்னது நீ சொன்னது. அவ சொன்னது அவ சொன்னது. ரெண்டும் ஒண்ணா இருந்துட்டா நீ மாரியம்மனா ஆயிட மாட்ட."

ரத்தினவேலுக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. நவநீதனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே அழுதான். ஜோதி அவன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, டாக்டரம்மா அறைக் கதவை மறுபடியும் தள்ளினாள்.

"டாக்டரம்மா, இவனுக்கு வேற வழி என்ன?"

"மூளைச்சாவு ஆனவங்க குடும்பத்துல சம்மதிச்சாக் கிடைக்கும். பேரைப் பதிஞ்சுட்டுக் காத்திருக்கணும். வருஷக்கணக்குல ஆகலாம்மா."

"ஆகட்டும். எங்க பதியணும்?"

"கூப்பிடுறப்ப அவர் உடம்பு ஆபரேஷனைத் தாங்குற நிலைமையில இருக்கணும். அதுதான் கஷ்டம்."

"அது என் பொறுப்பு. சொல்லுங்க, எங்க பதியணும்?"

பதிந்துவிட்டு வந்த மறுநாள் காலை, ஜோதி மேடைக்கு வந்தாள். அன்றைக்கு அம்மன்மேல் அவளுக்குக் கோபம் இருந்தது. மறைக்கவில்லை.

"நல்லா நிறுத்தினே. நின்னுட்டேன். ஏன்னுதான் விளங்கலை. நீ சொல்றப்பச் சொல்லு, நான் எங்கயும் போகப் போறதில்ல." முகத்தில் மஞ்சள் பூசினாள். வழக்கத்தைவிட அழுத்தித்தான் பூசினாள். "எவ்வளவு காலம் ஆனாலும் காத்திருக்கேன். ஆனா அதுவரைக்கும் இவனை நான் விட மாட்டேன். அதுக்கு நீயும் கூட நிக்கணும்."

வீட்டில் நவநீதன் அவளுக்காகக் காத்திருந்தான். அவள் தனக்கான மாத்திரையை முதலில் விழுங்கினாள். பிறகு அவனுக்கு ஒரு நாளைக்கு டாக்டர் சொன்ன அளவுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

"ராத்திரி வரைக்கும் இதுதான். காப்பியும் இதுக்குள்ளதான்."

"இவ்வளவுதானா? இன்னும் அரை டம்ளர் ஊத்துக்கா."

"முடியாது."

"நாக்கு வறளுதுக்கா."

"வறளட்டும். எலுமிச்சை நறுக்கி வச்சிருக்கேன், நாக்குல வச்சுக்க. கூப்பிடுற அன்னைக்கு நீ நடந்து போய்ப் படுக்கணும்."

அவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். ஒரு மிடறு குடித்துவிட்டு மூடியைத் திருகி வைத்தான்.