மூன்றாம் வரிசை ஓரத்து இருக்கையின் புண்

மசோதா நிறைவேறிய பதினேழாம் நாள், சட்டமன்றத்தில் மூன்றாம் வரிசை ஓரத்து இருக்கைக்குப் படுக்கைப்புண் வந்தது. முதலில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. தொட்டால் லேசான சூடு. கூட்டிப் பெருக்குகிறவர் யாரோ எதையோ கொட்டிவிட்ட கறை என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார். நான்காம் நாள் மேல்தோல் உரிந்தது. ஆறாம் நாள் வாய் திறந்து, பஞ்சு தெரிய வேண்டிய இடத்தில் வெளிர் மஞ்சளாக நீர் கசிந்தது. தளவாட மேலாளர் இருக்கை விற்ற கம்பெனியைத் திட்டிக் கடிதம் எழுதினார். உறையை மாற்றினார்கள். புது உறையிலும் அதே இடத்தில், அதே அளவில் வந்தது. மாதம் முடிவதற்குள் இன்னும் முப்பத்தொரு இருக்கைகளுக்கு வந்துவிட்டது. எந்தெந்த இருக்கை என்று இங்கே எழுதத் தேவையில்லை. ஆறாம் பிரிவை நீக்கக் கை தூக்கியவர்கள் யார் என்பது அவைக்குறிப்பில் இருக்கிறது, வேண்டியவர்கள் பார்த்துக்கொள்ளலாம்.

ஓரத்து இருக்கைக்கு உரியவர் பெரிய சிஸ்டரின் கூடப்பிறந்த தம்பி. பெரிய சிஸ்டர் என்பவர், எழுந்து நடமாட முடியாத நெடுநாள் நோயாளிகளின் இல்லத்தில் மூன்றாம் மாடிக்குத் தலைமைச் செவிலியர். இருவரும் பிறந்த வீட்டைத் தெருவில் தராசு வீடு என்பார்கள். அவர்களுடைய அப்பா கடைகடையாகப் போய் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை குத்தும் அதிகாரியாக இருந்தவர். சொந்த மைத்துனரின் கடையில் ஒரு கல் கடுகளவு குறைந்தது என்று கடையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தவர். மைத்துனர் அதன்பின் இருபது வருஷம் அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. அதற்காக அப்பா ஒருநாள் தூக்கத்தையும் விடவில்லை. அப்படிப்பட்ட வீடு. அந்த வீட்டு மகள் பொய்க் கையெழுத்துப் போட்டார் என்பதுதான் இதில் நடந்த முதல் தவறு. அதை மறைத்துவிட்டு மற்றதைச் சொல்வது முறையாகாது.

மூன்றாம் மாடியில் முப்பத்தெட்டுப் படுக்கைகள். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் சதை செத்துப் புண்ணாகிவிடும். அதற்கு இரண்டு பேர் வேண்டும், தோளில் ஒருவர், இடுப்பில் ஒருவர். மாடிக்கு இருந்தது மூன்று ஆயாக்கள். ஒருத்தி எக்ஸ்ரேக்கு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போனால் மீதி இரண்டு பேரில் ஒருத்தி குளியலறையில் இருப்பாள். ஒவ்வொரு கட்டிலின் காலடியிலும் திருப்பும் சார்ட் ஒன்று தொங்கும்: நாளுக்குப் பன்னிரண்டு கட்டம், கட்டத்துக்கு ஒரு கையெழுத்து. பல நாட்கள் நான்கு மணி அடிக்கும்போது இரண்டு மணிக்குத் திருப்ப வேண்டியவர் அப்படியே கிடப்பார். ஆனால் கட்டம் நிரம்பியிருக்கும். யாரும் அப்படி எழுதச் சொல்லவில்லை. காலிக் கட்டத்துக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும், மெமோ கடைசியில் ஆயாவின் தலையில் விடியும் என்று முதலில் இரக்கப்பட்டு எழுதினார்கள். பிறகு மற்ற மாடிகளின் சார்ட் சுத்தமாக இருக்க நம்முடையது மட்டும் பல் விழுந்த வாய் மாதிரி இருப்பதா என்று மானத்துக்காக எழுதினார்கள். தொண்டையின் பெருமையால் பீரங்கி என்று பேர் வாங்கிய ஆயா இதை நன்றாகச் சொல்வாள்: "கட்டம் காலியா இருந்தா நம்ம வேலை போகும் சிஸ்டர். நிரப்பிட்டா பாவம், அவங்களுக்குப் புண்ணு மட்டும்தான் வரும்." பெரிய சிஸ்டர் சிரிக்காமல் கையெழுத்துப் போடுவார். ஜன்னலோரம் ஏழாம் படுக்கையில், பக்கவாதம் வந்து ஒன்பது வருஷமாகப் பேச்சில்லாமல் கிடந்தவர் அவருடைய சொந்த அம்மா. அந்தச் சார்ட்டிலும் போட்டார்.

ஆறு படுக்கைக்கு ஓர் ஆள் என்று சட்டம் வந்தால் இந்தப் பொய்க்கு வேலையில்லை. அதைக் கேட்டுப் பெரிய சிஸ்டர், முதியோர் டாக்டர், பிசியோ, பீரங்கி ஆகிய நால்வரும் வார விடுப்பைப் புதன்கிழமைக்கு மாற்றிக்கொண்டு ஆறு வருஷம் சட்டமன்றத் தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். மனு கொடுத்தார்கள், புள்ளிவிவரம் கொடுத்தார்கள், புண்ணின் படங்களைக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தவர்கள் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு எங்கள் வீட்டிலும் ஒரு பெரியவர் இருக்கிறார் என்றார்கள். ஒரு தடவை டாக்டர் ஓர் உறுப்பினரைச் சுகாதாரக் குழு அறை மேஜையில் இரண்டு மணி நேரம் அசையாமல் படுத்துக் காட்டச் சொன்னார். பதினெட்டாம் நிமிஷத்தில் அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அவசரக் கூட்டம் இருக்கிறது என்று போனார். ஐந்தாம் வருஷம் தம்பி தேர்தலில் ஜெயித்து அந்தக் குழுவுக்கே தலைவரானார். அம்மாவின் கட்டிலருகே நின்று அவர் கால்விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "மசோதாவுல ஆறாம் பிரிவுன்னே போடச் சொல்லிட்டேன்க்கா. ஆறு படுக்கைக்கு ஓர் ஆள். இது அம்மா மேல ஆணை."

அன்றைக்குத்தான் பெரிய சிஸ்டர் தம்பியிடம் உண்மையைச் சொன்னார். யாரிடமும் தலை குனிந்து பேசிப் பழகாதவர், கட்டில் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அம்மாவின் ஒரு மாதச் சார்ட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். "இதைச் சபையில காட்டு. இதுல பாதி பொய், போட்டது நான்தான்னு சொல்லு. என் மேல நடவடிக்கை எடுத்தா எடுக்கட்டும். நம்ம பொய்யை நாமளே ஒத்துக்கிட்டாத்தான் மிச்சத்தை நம்புவாங்க."

தம்பி அதை நாலாக மடித்து, அப்பா சாவி வைத்த மாதிரியே சட்டைப்பையில் வைத்தார். "நான் பாத்துக்கறேன்க்கா."

விவாதத்தன்று நால்வரும் சீருடையில் பார்வையாளர் மாடத்தில் இருந்தார்கள். தனியார் இல்ல முதலாளிகள் அதற்கு முந்தைய வாரம் தம்பியை இரண்டு தடவை சந்தித்திருந்தார்கள். அது மாடத்தில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தம்பி எழுந்தார், சார்ட்டைப் பிரித்து உயர்த்திக் காட்டினார். "இது என்னைப் பெற்ற தாயாரின் சார்ட். முப்பது நாள், முந்நூற்று அறுபது கட்டங்கள். ஒன்றுகூடக் காலி இல்லை. இருக்கிற ஆட்களை வைத்தே இந்தச் சகோதரிகள் இதைச் சாதிக்கிறார்கள் என்றால், கூடுதல் ஆள் கேட்பது அவர்களுடைய திறமையை அவமதிப்பது ஆகாதா? அவர்கள் மாடத்தில்தான் இருக்கிறார்கள். கைதட்டுவோம்." சபை கைதட்டியது. பெரிய சிஸ்டர் அது பொய் என்று சொல்ல எழுந்து நின்றார். பாராட்டை ஏற்றுக்கொள்ள எழுந்தார் என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். பார்வையாளர் பேசக் கூடாது என்று காவலர் தோளைத் தொட்டு உட்காரவைத்தார். ஆறாம் பிரிவு நீக்கப்பட்டது. இல்லங்களின் வாசலில் புதுப் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்ற ஏழாம் பிரிவு ஏகமனதாக நிறைவேறியது. படியிறங்கும்போது பீரங்கி மட்டும், அவளுக்கு வழக்கமே இல்லாத சின்னக் குரலில், "நம்மளை வச்சே நம்மளை அடிச்சிட்டாரு சிஸ்டர்" என்றாள். மறுநாளிலிருந்து மூன்றாம் மாடியில் திருப்பாத கட்டம் காலியாகவே விடப்பட்டது. மெமோ வந்தது. எல்லா மெமோவுக்கும் பெரிய சிஸ்டர் ஒரே பதில் எழுதினார்: ஆள் இல்லை.

இருக்கைகளுக்குப் புண் வந்தபோது முதலில் தோல் டாக்டரைக் கூப்பிட்டார்கள். தனக்கு மனிதத் தோல்தான் பழக்கம் என்று அவர் போய்விட்டார். உறை மாட்டுத்தோல் என்பதால் கால்நடை டாக்டர் வந்தார். அவர் குனிந்து பார்த்துவிட்டு, இதற்கு டாக்டர் எதற்கு, நல்ல நர்ஸ் ஒருவரைக் கூப்பிடுங்கள் என்றார். அப்படித்தான் பெரிய சிஸ்டர் மறுபடி அந்தக் கட்டடத்துக்குப் போனார். போயிருக்கக் கூடாது என்று பிசியோ இன்றைக்கும் சொல்கிறார். ஆனால் புண் என்று கூப்பிட்டால் யாருடையது என்று கேட்டுவிட்டுப் போகிற வழக்கம் தராசு வீட்டில் இல்லை. கையுறை மாட்டி, ஓரத்து இருக்கையின் விளிம்பை அழுத்திப் பார்த்தார்.

"மூணாம் நிலை. எத்தனை நாளா ஒரே பக்கமா வச்சிருக்கீங்க?"

"அது நாற்காலிம்மா," என்றார் தளவாட மேலாளர்.

"அதான் கேக்கறேன்."

கழுவி, மருந்து வைத்துக் கட்டி, இரண்டு மணிக்கொருமுறை பக்கம் மாற்றிச் சாய்த்து வைக்க வேண்டும், இருவராகத் தூக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் சார்ட் வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். ஆறு இருக்கைக்கு ஓர் ஆள் என்ற தீர்மானம் அன்று பிற்பகலே, விவாதமில்லாமல், தேநீர் இடைவேளைக்கு முன்பே நிறைவேறியது. நிரந்தர வேலை, அனுபவம் உள்ளவர்களுக்கு முன்னுரிமை. அனுபவம் உள்ளவர்கள் எங்கே இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் மாடியின் மூன்று ஆயாக்களில் இருவர் போனார்கள், பீரங்கியும் ஒருத்தி.

"நான் போகலன்னா வேற எவளோ போவா சிஸ்டர். எனக்கு மூணு பிள்ளைங்க," என்றாள், முகத்தைப் பார்க்காமல்.

"போ. போற இடத்துல ஒழுங்காத் திருப்பு."

இரண்டு மாதத்தில் முப்பத்திரண்டு இருக்கைகளும் ஆறின. வடு தெரியவில்லை. அந்த இரண்டு மாதத்தில் ஏழாம் படுக்கையில் அம்மாவின் இடுப்பெலும்புக்கு மேல் இருந்த சிவப்பு, கைமுட்டி நுழையும் குழியாகிவிட்டது.

ஒருநாள் நான்கு மணிக்குத் தம்பி பழக்கூடையோடு வந்தார். அக்கா அதுவரை அவரோடு பேசவில்லை.

"சேர் ஆறிடுச்சுக்கா," என்றார்.

"அம்மாவுக்கு ஆறல. மணி நாலு, ஓர் ஆள் குறையுது. கையைக் கழுவிட்டு இதை மாட்டு." கையுறையை நீட்டினார்.

அக்கா தோளைப் பிடிக்க, தம்பி இடுப்பைப் பிடிக்க, அம்மாவைத் திருப்பினார்கள். புண்ணின் கட்டைப் பிரித்தபோது தம்பி பார்த்தார். கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார், தோள்கள் குலுங்கின. பிறகு தானாகவே பேனாவை எடுத்து நான்கு மணிக் கட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அந்தக் கட்டம் உண்மை. பெரிய சிஸ்டருக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று இளகியதும் உண்மை. அடுத்த கட்டிலுக்கு ஆள் இல்லாமல் மணி அடித்துக்கொண்டிருந்ததால் போனார்.

திரும்பி வந்தபோது தம்பி இல்லை. சார்ட்டில் இன்னும் அடிக்காத ஆறு மணி, எட்டு மணி, பத்து மணி என்று வருகிற ஞாயிற்றுக்கிழமை வரை எல்லாக் கட்டங்களிலும் தம்பியின் கையெழுத்து, ஒரே சாய்வில், அழகாக இருந்தது. அக்காவுக்கு மெமோ வரக் கூடாது என்று அன்பினால் செய்ததாகப் பிற்பாடு யாரிடமோ சொன்னாராம். பெரிய சிஸ்டர் அளவுகோலை வைத்துச் சிவப்பு மையால் ஒவ்வொரு கட்டத்தையும் அடித்தார். நான்கு மணியை மட்டும் விட்டார்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பீரங்கியிடமிருந்து போன் வந்தது. "சிஸ்டர், ஓரத்து சேர் மறுபடி செவந்திருக்கு."

"கை வச்சுப் பாரு. சூடு இருக்கா?"

"இருக்கு சிஸ்டர்."

"அப்ப திருப்பு. வச்சிடறேன், இங்கேயும் மணியாச்சு," என்று சொல்லிவிட்டுப் பெரிய சிஸ்டர், வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பிசியோவைக் கூப்பிட்டு நிறுத்தி, ஏழாம் படுக்கைக்குப் போனார்.

அந்த வருஷம் முடிவதற்குள் அம்மா இறந்துபோனார். இருக்கை இன்றும் மூன்றாம் வரிசை ஓரத்தில் இருக்கிறது. தம்பி இரண்டாம் தடவையும் ஜெயித்து அதில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருகிறார். மணியடித்தால் எழுந்து நிற்கிறார். இருவர் வந்து இருக்கையைத் தூக்கிப் பக்கம் மாற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள். அதன் முதுகில் தொங்கும் சார்ட்டில் ஒரு கட்டமும் காலியில்லை. எல்லாம் உண்மையான கையெழுத்து.