தேய்ந்த கன்னம்

குவெர்னவாக்காவில் குடியேறிய அமெரிக்கர்கள் எல்லோருக்கும் ஏதாவது ஓர் ஊசி தேவைப்பட்டது. ஈரலுக்கு, தூக்கத்துக்கு, போன இளமைக்கு. இலாரியோ உரியார்த்தேயின் கடையில் மருந்தை வாங்கி, வீடு வீடாகப் போய் ஊசி போடுவதுதான் என் வேலை. அப்படித்தான் அகஸ்டா லாத்ரப் சீமாட்டியின் வீட்டுக்குள் போனேன். ஊசி போடுகிறவளை யாரும் மனுஷியாகக் கணக்கில் வைப்பதில்லை. அவள் முன்னால் எதையும் பேசலாம்.

சீமாட்டியின் பாட்டனார் ஒஹாயோவில் ரொட்டியை உப்ப வைக்கும் பொடி தயாரித்தவர். அமெரிக்காவில் ஒவ்வொரு காலையும் எங்கோ ஓர் அடுப்பில் ரொட்டி உப்பும்போது இங்கே இவளுடைய பணமும் கொஞ்சம் உப்பும். இருபது வயதில் அதெல்லாம் அவள் கைக்கு வந்தது. அதன்பிறகு ஒரே ஊரில் மூன்று வருஷம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. பாரிஸ், வெனிஸ், டாஞ்சியர், கஷ்மீரில் ஒரு படகு வீடு. நான்கு கணவர்கள். கடைசியில் எங்கள் ஊரின் வெயிலும் பூகன்வில்லாவும் அவளைப் பிடித்து வைத்துக்கொண்டன.

பணக்காரர்கள் ஊர் ஊராகப் போவது பார்ப்பதற்கு என்று நினைத்திருந்தேன். இவள் ஒவ்வோர் ஊரிலும் பழக்கவழக்கங்களைக் கற்றுக்கொண்டாள். மொழியைக் கற்றாள், எந்தக் கையால் சாப்பிட வேண்டும், யார் முன்னால் எழுந்து நிற்க வேண்டும் என்று கற்றாள். பூட்டுகளைப் பற்றித் திருடன் தெரிந்து வைத்திருப்பதுபோல அதையெல்லாம் தெரிந்து வைத்திருந்தாள். டாஞ்சியரில் ஓர் ஏழை வாத்தியார் விருந்துக்கு அழைத்தாராம். விருந்தாளி ஒரு பொருளைப் புகழ்ந்தால் அதைக் கொடுத்துவிடுவது அவர் குடும்பத்து வழக்கம் என்று தெரிந்தே, அவர் வீட்டிலிருந்த ஒரே கம்பளத்தை மூன்று முறை புகழ்ந்தாளாம். அவர் சுருட்டிக் கொடுத்தார். அதை விடுதி அறையிலேயே விட்டுவிட்டு ரயிலேறினாள். இரண்டாவது கணவன் ஒரு வெனிஸ் பிரபு. பதின்மூன்று பேர் அமரும் மேஜையைக் கண்டால் நடுங்குவான். அவன் பிறந்தநாளுக்கு, அவர்கள் இருவரோடு சேர்த்துப் பதின்மூன்றாகும்படி, பதினொரு பேரை அழைத்தாள். இதையெல்லாம் இடுப்பைக் காட்டிக்கொண்டு குப்புறப் படுத்தபடி, தோட்டத்துப் பூவைப் பற்றிப் பேசுவதுபோல என்னிடம் சொன்னாள்.

மேபல் கிரேன் அவளுடைய துணைப்பெண். பெண் என்றா சொல்ல வேண்டும், ஐம்பதை நெருங்கியவள். பள்ளிக்கூடத்தில் அகஸ்டாவுக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த ஏழை மாணவி. அங்கிருந்து கூடவே வந்தவள். நான்கு கல்யாணங்களிலும் மணப்பெண்ணின் பூச்செண்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெட்டி கட்டுவது, டிக்கெட் வாங்குவது, தூக்கம் வராத இரவுகளில் படித்துக் காட்டுவது எல்லாம் அவள்தான். உலகம் முழுவதையும் பார்த்திருந்தாள், ஆனால் எப்போதும் இன்னொருத்தியின் கோட்டைக் கையில் வைத்துக்கொண்டு.

மருந்து வாங்க மேபல் கடைக்குப் போவாள். இலாரியோ மனைவியை இழந்தவர். அதிகம் பேசாதவர். மேபலின் சந்தைக்கடை ஸ்பானிஷ் அவருக்குச் சிரிப்பை வரவழைத்தது. அவர் சிரித்து ஆறு வருஷமாகிறது என்று கடை வாசலில் இருப்பவர்கள் பேசிக்கொண்டார்கள். போன மழைக்காலத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவர் கேட்டார், அவள் சரி என்றாள். அதற்காகக் கத்தோலிக்கச் சபையிலும் சேர்ந்தாள். செய்தியை அகஸ்டாவிடம் சொன்னபோது நான் ஊசியைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்தேன். சீமாட்டி எழுந்து வந்து மேபலின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். ரொம்ப நேரம் கையை விடவில்லை.

மிச்சமிருந்தது கசிமிரா. இலாரியோவின் அக்கா, கல்யாணமாகாதவள், வீட்டின் சாவிக்கொத்து அவள் இடுப்பில். அக்கா தலையசைக்காமல் இலாரியோ ஒரு நாற்காலியைக்கூட நகர்த்த மாட்டார். மேபலுக்கு ஒரு வீடு கிடைக்குமா, கடைசிவரை பெட்டி கட்டிக்கொண்டே இருப்பாளா என்பது கசிமிராவின் தலையசைப்பில் இருந்தது. அது எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஜனவரியில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களின் நாளில் உரியார்த்தே வீட்டில் வளைய ரொட்டி வெட்டினார்கள். சீமாட்டி, மேபல், நான், பக்கத்து வீட்டார் சிலர். ரொட்டிக்குள் ஒரு பீங்கான் பொம்மை இருக்கும். யார் துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரியில் மெழுகுவர்த்தித் திருநாளன்று எல்லோருக்கும் தமால் என்ற சோளமாவுப் பண்டத்தை அவித்துப் போட வேண்டும். அந்த வீட்டுக் குழந்தை இயேசு சிலைக்கு ஞானத்தாயாகி, புது உடுப்பு போட்டு, கோயிலுக்குத் தூக்கிப் போக வேண்டும். கத்தி கசிமிராவின் கையில் இருந்தது. ரொட்டியின் அடியைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேபலுக்குத் துண்டு போட்டாள். நான் பார்த்தேன். மேபலின் பல்லில் பொம்மை நறுக்கென்று இடித்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கசிமிரா கதவைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம். மேபலுக்கு அது புரிந்து கண் கலங்கிவிட்டது. சாக்லேட் சூடாக்கப் போகிறேன் என்று அடுக்களைக்குள் ஓடினாள்.

அவள் போனதும் கசிமிரா அலமாரியிலிருந்து குழந்தையை எடுத்து வந்தாள். மரத்தில் செதுக்கிய பழைய சிலை. வலது கையில் ஒரு விரல் இல்லை. இடது கன்னத்தில் சாயம் முழுக்கத் தேய்ந்து மரம் தெரிந்தது, எண்ணெய் ஏறியதுபோல மினுங்கும் மரம்.

"இது அம்பாரோ வாய் பட்டுத் தேஞ்ச இடம், சீமாட்டி" என்றாள். அம்பாரோ இலாரியோவின் இறந்துபோன மனைவி. "மூணு பிள்ளை பொறந்து மூணும் தங்கலை. தினம் படுக்கப் போறப்ப இந்தக் கன்னத்துலதான் முத்தம் குடுப்பா. இப்ப என் தம்பி குடுக்கறான். ஞானத்தாய் என்ன உடுப்பு வேணும்னாலும் போடட்டும், பட்டோ சரிகையோ அவ இஷ்டம். முகத்துல மட்டும் கை வைக்கக் கூடாது. இதை என் அரைகுறை ஜாடையில அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா, செத்தவளைச் சொல்லிக் காட்டற மாதிரி ஆயிடும். நீங்க அவ கூடப் பொறக்காத அக்கா. உங்க பாஷையில பக்குவமாச் சொல்லிடுங்க."

சீமாட்டி சிலையை வாங்கி, தேய்ந்த கன்னத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினாள்.

"சொல்லிடறேன்" என்றாள்.

வழக்கப்படி திருநாள் வரை குழந்தை ஞானத்தாயின் பொறுப்பில் இருந்தது. அடுத்த வாரங்களில் மேபலைப் பார்க்கவே ஆசையாக இருந்தது. அம்மாவின் கல்யாண முக்காட்டை வெட்டி, தன் கையாலேயே குழந்தைக்கு அங்கி தைத்தாள். சோள மாவைப் பன்றிக் கொழுப்போடு எவ்வளவு நேரம் அடித்தால் தமால் மென்மையாக வரும் என்று சந்தைக்காரிகளிடம் கேட்டு, அவர்கள் கேலி செய்தால் தானும் சேர்ந்து சிரித்தாள். ஒருநாள் வாசலில் என்னை நிறுத்தி, யாரிடமும் சொல்லாதே, உடுப்போடு இன்னொரு ஆச்சரியமும் இருக்கிறது, அகஸ்டாவின் யோசனைதான், செலவும் அவளே செய்கிறாள் என்று காதோடு சொன்னாள். என்ன என்று கேட்டதற்கு உதட்டில் விரலை வைத்துக்கொண்டாள். நான் நகையாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தாலும் அடுத்த முறை ஊசி போடும்போது, கசிமிரா சொன்னதை மேபலிடம் சொல்லியாயிற்றா என்று சீமாட்டியிடம் கேட்டேன். தலையணைக்குள்ளிருந்து பதில் வந்தது, சொல்லாமல் இருப்பேனா என்று.

திருநாளன்று காலை உரியார்த்தே வீட்டு முற்றம் நிறைந்திருந்தது. பெரிய அண்டாவிலிருந்து தமால் ஆவி வந்துகொண்டிருந்தது. மேபல் சாம்பல் நிறப் பட்டு உடுத்தி, குழந்தையை வெள்ளைத் துணியால் மூடித் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் சீமாட்டி, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பாதிரியார் மணி அடிக்கும் முன் வீட்டார் முத்தமிட வேண்டும். கசிமிரா முன்னால் வந்தாள். மேபல் துணியை விலக்கினாள்.

புதிய முகம் ஒன்று எங்களைப் பார்த்தது. ரோஜா நிறம். கண்ணாடி விழிகள், அதற்குமேல் உண்மையான இமைமயிர். இரண்டு கன்னமும் ஒன்றுபோல உருண்டு பளபளத்தன. விரலும் வளர்ந்துவிட்டிருந்தது. தலைநகரத்தில் தேவாலயச் சிலைகளைப் புதுப்பிக்கிறவன் ஒருவன் செய்த வேலை. நல்ல வேலைக்காரன்தான்.

இலாரியோ கையை நீட்டி, இடது கன்னத்தை விரல் நுனியால் தொட்டார். வழுவழுப்பில் விரல் சறுக்கியது. கையை இழுத்துக்கொண்டார்.

மேபலின் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அவள் நாட்டில் பொருளைப் புதுசாக்கித் தருவதைவிடப் பெரிய அன்பு கிடையாது. உடைந்ததை ஒட்டுவார்கள், தேய்ந்ததைத் தீட்டுவார்கள், பிறகு உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

"புதுசு மாதிரி இருக்குல்ல?" என்றாள், தன் ஸ்பானிஷில்.

கசிமிரா குழந்தையை அவள் கையிலிருந்து வாங்கினாள், கோபமில்லாமல், கடையில் தவறான பொருளைத் திருப்பித் தருவதுபோல. துணியை முகத்தின் மேல் இழுத்து மூடினாள்.

"இது எங்க வீட்டுப் பிள்ளை இல்லை" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"எவ்வளவு அழகா வந்திருக்கு" என்று பின்னாலிருந்து சீமாட்டி சொன்னாள். நல்ல ஸ்பானிஷில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

தமாலை எல்லோரும் சாப்பிட்டார்கள். சாப்பிடாமல் போனால் அவமதிப்பாகிவிடும் என்று, நின்றுகொண்டே, வேகமாக. நன்றாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் மேபலிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னாள். என்ன தவறு செய்தாள் என்று அவளுக்குச் சொன்னவர் யாருமில்லை. எங்கள் ஊர் மரியாதை அப்படி.

மறுநாள் காலை நான் சொன்னேன். சீமாட்டி வீட்டுப் பின்கட்டில் மேபல் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்பாரோவைப் பற்றி, கன்னத்தைப் பற்றி, கசிமிரா யாரிடம் என்ன சொல்லச் சொன்னாள் என்பதைப் பற்றி, நானும் அந்த அறையில்தான் இருந்தேன் என்பதைப் பற்றி. அவள் கை மடிப்பை நிறுத்தவில்லை. முந்தின சாயங்காலம் இலாரியோ வந்தாராம். அக்காவின் கோபம் ஆறும், 'எனக்குத் தெரியாது' என்று மட்டும் சொல், அதை அக்காவிடம் போய்ச் சொல்கிறேன், போதும் என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாராம். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பியிருக்கிறாள்.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு?" என்றேன். "உங்ககிட்ட யாரும் சொல்லலை. அதுதானே நெசம். கடைக்கு நடந்து போய் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா முடிஞ்சுது. நான் சாட்சிக்கு வர்றேன். இந்த மகராசி தெரிஞ்சே பண்ணினதுன்னு ஊருக்கே சொல்றேன்."

மேபல் துணியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள். அவள் எதையோ கூட்டிக் கழித்துப் பார்க்கிறாள் என்று தோன்றியது. பாரிஸ், வெனிஸ், படகு வீடு, நான்கு பூச்செண்டுகள், படித்துக் காட்டிய இரவுகள். நான் சொல்வது உண்மையானால் அத்தனையும் என்னவாகும்?

"அகஸ்டா சொன்னா, தொமாசா" என்றாள். "அன்னிக்கே சொன்னா. எனக்குத்தான் நினைவில்லாமப் போச்சு."

"ஏங்க பொய் சொல்றீங்க?"

"அவ சொன்னா." குரல் உயரவில்லை. "இனிமே இதை என்கிட்ட பேசாதே."

மதியம் கடைக்குப் போய் இலாரியோவிடமும் அதையே சொன்னாள். தெரியும், தெரிந்தும் மறந்துவிட்டேன் என்று. தெரியாமல் செய்தவளைக் கசிமிரா மன்னித்திருப்பாள். செத்தவளின் முத்தத்தை மறந்துபோகிறவளை எந்த வீட்டில் சேர்ப்பார்கள்? இலாரியோ கல்லாவுக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவே இல்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

அடுத்த ஊசி நாளன்று சீமாட்டி கவிழ்ந்து படுத்ததும் கேட்டாள்.

"நீ அவகிட்ட போட்டுக் குடுத்துட்டே இல்ல?"

நான் பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆமாம் என்றேன்.

"குடுப்பேன்னு தெரியும். வந்து என் கழுத்தைப் பிடிப்பா, கத்துவான்னு காத்துக்கிட்டிருந்தேன். முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட கத்தினதில்லை தெரியுமா. என்ன சொன்னா?"

"நீங்க சொன்னீங்களாம். அவங்கதான் மறந்துட்டாங்களாம்."

சீமாட்டி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். இந்த ஒன்றை அவள் எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்தது. இத்தனை ஊர்களில் இத்தனை வழக்கங்களைக் கற்றவள், கூடவே இருந்தவளின் இந்த வழக்கத்தைக் கற்றிருக்கவில்லை. அந்த முகத்தில் ஏதோ அசைந்தது. வெட்கமாக இருக்கலாம் என்று ஒரு கணம் ஏமாந்தேன்.

"அப்படின்னா இன்னும் எவ்வளவு தாங்குவான்னு பாக்கணும்" என்றாள். "போடு, மெதுவா."

மார்ச் மாதம் அவர்கள் லிஸ்பனுக்குக் கிளம்பினார்கள். கார் நிறையப் பெட்டிகள், எல்லாம் மேபல் கட்டியவை. மருந்துக்கடைக்கு எதிரே சீமாட்டி காரை நிறுத்தச் சொன்னாள். கப்பலில் போட்டுக்கொள்ள ஊசி மருந்து வேண்டும் என்றாள். நான் கடையில்தான் இருந்தேன், ஓட்டுநரும் சும்மாதான் இருந்தான். ஆனால் மேபலைத்தான் அனுப்பினாள்.

மேபல் இறங்கி வந்தாள். கையுறை போட்டிருந்தாள். மருந்தின் பெயரைச் சொன்னாள். இலாரியோ எடுத்து, குப்பிகள் உடையாதபடி வைக்கோல் வைத்துக் கட்டினார். முடிச்சு போட அவருக்கு ரொம்ப நேரமானது. எத்தனை நாள் பயணம் என்று கேட்டார். அவள் சொன்னாள். கடல் அமைதியாக இருக்கட்டும் என்றார். நன்றி, தோன் இலாரியோ என்று மரியாதைப் பட்டத்தோடு சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்க் காரில் ஏறினாள். கதவு சாத்திய சத்தம் கேட்டது. இலாரியோ கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கார் கிளம்பவில்லை. கண்ணாடி இறங்கியிருந்ததால் சீமாட்டியின் குரல் கடைக்குள் வரைக்கும் தெளிவாகக் கேட்டது.

"பஞ்சு வாங்கினியா, கண்ணு?"

மேபலின் பக்கத்துக் கார்க் கதவு மறுபடியும் திறந்தது.