சஃபரிங் ஃப்ரம்

சிவப்பு மையில் நான் போட்ட வட்டத்துக்குள் நிற்கிறது அந்தச் சொல், மேரேஜ், இரண்டு ஆரும் சரியாக, ஜியும் சரியாக, ஒன்பதாம் வகுப்பில் எழுத்துப்பிழை இல்லாமல் அதை எழுதிய ஒரே பிள்ளை இசக்கிதேவிதான் என்று இப்போது தோன்றுகிறது, அன்று எனக்குச் சிரிப்புதான் வந்தது, குழந்தைகள் நலக் குழு அலுவலக வராந்தாவில் அந்தத் தாளை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன், எதிர் பெஞ்சில் அவள் அப்பா, வணக்கம் சார் என்கிறார், நானும் வணக்கம் என்கிறேன், வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிடுகிறது.

ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், காய்ச்சலால் அவதிப்படுவதால் விடுப்பு வேண்டும், எங்கள் பக்கத்தில் இங்கிலீஷ் என்றால் இந்த ஒரு வரிதான், நானும் அதை மனப்பாடம் செய்து வந்தவன், என் அப்பா பஸ் கண்டக்டர், ரைட், ஹோல்டான் என்ற இரண்டே வார்த்தையில் முப்பது வருஷம் ஓட்டியவர், மூன்றாவது வார்த்தைக்காக என்னை பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்த்தார், ரேடியோவில் கிரிக்கெட் வர்ணனை கேட்டுத்தான் பேசப் பழகினேன், அதனால் என் இங்கிலீஷில் இன்றைக்கும் யாராவது அவுட் ஆகிக்கொண்டே இருப்பார்கள், ஆய்வுக்கு வந்த அதிகாரி வகுப்பறையில் உங்கள் லட்சியம் என்ன என்று கேட்கிறார், வருஷம் முடியறதுக்குள்ள ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமா ஒரு வரி எழுதணும் சார், புத்தகத்துல இல்லாத வரி, என்கிறேன், அவர் குறித்துக்கொள்ள நான் நெஞ்சை நிமிர்த்திக்கொள்கிறேன், அந்த ஒரு வரி வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

வருஷம் தவறாமல் ஒருத்தன் எழுதுவான், சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ் என்று, காய்ச்சலை எடுத்துவிட்டு வீட்டு விசேஷத்தை அங்கே வைத்தால் போதும் என்று நினைத்து, ஆசிரியர் அறையில் அதைப் படித்துக்காட்டி டீ குடிப்போம், இசக்கிதேவி சஃபரிங் ஃப்ரம் மேரேஜ் என்று எழுதிய தாளை நீட்டியபோதும் அந்தக் கணக்கில்தான் சேர்த்தேன், உரக்கப் படித்தேன், ஏட்டி, அக்கா கல்யாணத்துல ஒனக்கென்னட்டி அவதி, பந்தியில பாயாசம் தீந்துபோச்சோ, நாற்பது பிள்ளைகளும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, இல்லை, சிரித்தாளோ, கனவில் வரும்போது சிரிக்கிறாள், ஃபீவர்னு மாத்துட்டி என்றதும் அன்று கேட்டாள், சார், ஃபீவர்னா காய்ச்சல்தான, எனக்குக் காய்ச்சல் இல்லியே சார், காய்ச்சல்னு எழுதுனாத்தாம்ட்டி லீவு, வட்டம் போட்டு மேலே ஃபீவர் என்று எழுதினேன், பத்து தடவை எழுதிட்டு வா, மறுநாள் எழுதி வந்தாள், முத்து முத்தான கையெழுத்து, வெரி குட் போட்டேன், எட்டு நாள் கழித்து வருகைப்பதிவில் அவள் பெயரைக் கூப்பிட்டு, இன்னும் பாயாசம் தீரலியா என்று கேட்கிறேன், பக்கத்தில் உட்காரும் ராமதிலகம் எழுந்து நிற்கிறாள், சார், அவளுக்கு அக்காவே கெடையாது, கல்யாணம் அவளுக்குத்தான், நேத்து முடிஞ்சிட்டு.

பள்ளிச் சுவரில் எழுதியிருக்கும் உதவி எண்ணை அழைத்ததும் ராமதிலகம்தான், நானில்லை, அத்தை வீட்டிலிருந்து மீட்டுக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள், கல்யாணமே நடக்கலை, காய்ச்சலுக்கு மாத்துக்காத்து வேணும்னு அத்தை வீட்டுக்கு அனுப்பினேன் என்கிறார் அப்பா, குழு அதை நம்பிவிட்டால் இன்றைக்கே அவரோடு போகவேண்டியவள், நம்பாவிட்டால் காப்பகத்தில் இருந்து படிப்பாள், தலைமையாசிரியர் காலையில் போன் போட்டார், சாரு, அவ ஃபீவர்னு திருத்தி எழுதுன நல்ல காப்பி ஒண்ணு இருக்குல்லா, அதக் குடுத்திருங்க, பள்ளிக்கூடத்துக்கு எதுவும் தெரியாதுன்னு ஆயிரும், அந்த நல்ல காப்பி சட்டைப் பையில் நெஞ்சோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, கூப்பிடுகிறார்கள்.

உள்ளே இசக்கிதேவி, யாருடையதோ ஒரு தொளதொள சுடிதாரில், நான் மடியிலிருந்த தாளையே கொடுத்தேன், குழுத் தலைவி படித்தார், அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சஃபரிங் ஃப்ரம் மேரேஜா, எங்க காலத்துலயும் பிள்ளைங்க இப்படித்தான் எழுதும், நீங்க திருத்திட்டீங்கல்ல சார், அப்பா பிடித்துக்கொண்டார், காய்ச்சல்தாம்மா, வாத்தியாரே செவப்பு மையில போட்டிருக்காருல்லா, தலைவி அவள் பக்கம் திரும்பினார், நீ சொல்லும்மா, எதுக்கு லீவு கேட்ட, அவள் அப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வகுப்பில் எழுவதுபோல் எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர், இருபது வருஷ சர்வீஸில் இவ்வளவு பிசகில்லாமல் ஒரு பிள்ளையும் எனக்கு ஒப்பித்ததில்லை, நான் எழுந்துவிட்டேன், அவ மொதல்ல எழுதுனதுதாம்மா சரி, திருத்துனதுதான் தப்பு, தலைவியின் சிரிப்பு நின்றது, தேதியைப் பார்க்கிறார், அப்போ கல்யாணத்துக்கு எட்டு நாள் முந்தியே இது ஒங்க கைக்கு வந்திருக்கு, அவர் விரல் அந்தச் சிவப்பைத் தொட்டு நிற்கிறது, படிச்சீங்களா சார், படிச்சேம்மா, படிச்சேன், சிரிச்சேன், வட்டம் போட்டேன்.