போடாத யூரியாவின் விலை

செத்த மீன் நாற்றம் மரியதாஸுக்குப் புதிதல்ல. ஆனால் அவனும் மனைவி லில்லியும் பாகூர் பக்கம் குளத்தை ஏலம் எடுத்து, குஞ்சு விட்டு, தவிடு போட்டு வளர்த்த மீன் மொத்தமும் வயிறு வெளுத்து மிதந்தபோது, அந்த நாற்றத்தில் அவனால் கரையில் நிற்க முடியவில்லை.

இத்தனைக்கும் போன வருஷம் தண்ணீரில் பாசி படர்ந்தபோதே, மேட்டு வயல்காரர் குழந்தைவேலிடம் போய்க் கெஞ்சியிருந்தான்.

"அண்ணே, உங்க யூரியா தண்ணி வாய்க்கால்ல வடிஞ்சி எங்குளத்துக்குத்தான் வருது. கொஞ்சம் கொறைச்சிப் போடுங்க."

பயிர் கரும்பச்சையாக நிற்காவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்று நினைக்கிற மனிதர் அவர். காதில் வாங்கவே இல்லை.

அப்புறம்தான் அரசாங்கத்தின் அந்தச் சோதனைத் திட்டம் வந்தது. யூரியாவைக் குறைக்கிற விவசாயிக்குப் புள்ளி கிடைக்கும். கழிவைச் சுத்தம் பண்ண வக்கில்லாத கம்பெனி அந்தப் புள்ளியை விலைக்கு வாங்கி, அவர் குறைத்த அளவுக்குத் தன் கழிவைத் திறந்துவிட்டுக்கொள்ளலாம். மொத்தத்தில் அழுக்கு ஏறாதாம். என்ன மூளை! குழந்தைவேல் உடனே திருந்திவிட்டார். அவருக்குச் சால்வை போட்டார்கள். மரியதாஸ்கூட, பைத்தியக்காரன், கை தட்டினான்.

புள்ளிகளை வாங்கியது அதே வாய்க்காலின் தலைப்பில் இருக்கிற கோழி வெட்டும் கம்பெனி. வயலிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து வந்த அழுக்கு, இப்போது ரத்தமும் கொழுப்புமாக ஒரே மூச்சில் வந்து குளத்தில் விழுந்தது. பார்க்க வந்த திட்ட அதிகாரி கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மொத்தக் கணக்கு சரியாத்தான்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டார். த்தூ!

புருஷனும் பெண்டாட்டியும் கரையில் குழி வெட்டி மீனை வாரிப் போட்டுக்கொண்டிருக்கும்போது, குழந்தைவேல் மினி டெம்போவில் டிரம்களோடு வந்து இறங்கினார்.

"மரியதாசு, மண்ணத் தள்ளிடாதப்பா. எனக்குக் குடு. வெல்லம் போட்டு ஊற வெச்சா மீன் அமிலம். அத்த பயிருக்கு அடிச்சா யூரியாவே வாணாம். இன்னும் புள்ளி ஏறும்."

"ஏறுனா யாருண்ணே வாங்குவாங்க?"

"இன்னாப்பா கேக்கற? அதே கம்பெனிதான்."

அவர் முகத்தில் கள்ளமே இல்லை. உதவி செய்ய வந்தவர் மாதிரிதான் நின்றார். மரியதாஸுக்கு அதைத்தான் சகிக்க முடியவில்லை. மீன் நாற்றம்கூடத் தேவலாம் போலிருந்தது.

நாற்றத்துக்குத் தூவ கொம்யூன் பஞ்சாயத்துக்காரர்கள் போட்டுவிட்டுப் போன பிளீச்சிங் பவுடர் மூட்டையை லில்லி பக்கத்திலிருந்து இழுத்தான். வாயைக் கிழித்து, மிச்சம் வைக்காமல் குழிக்குள் மீன்மேல் கவிழ்த்தான்.

"இப்ப எடுத்துக்கினு போங்கண்ணே."